பச்சைத் தண்ணியும் ஒரு பக்கற் மஞ்சளும்

போன கிழமை காரை சேர்விசுக்குக் கொண்டுபோனன்.

கராஜில வேலை செய்யிறது எங்கட பிள்ளை ஒண்டு. இஞ்ச, சுவிசில பிறந்தவ. நீல உடுப்பு, கையெல்லாம் கிரீஸ். பொனற்றைத் திறந்து ரோச் அடிச்சுப் பாத்தா. "அங்கிள், கூலன்ற் குறைஞ்சிருக்கு" எண்டா. ஒரு கானில இருந்து பச்சைத் தண்ணியை அளந்து ஊத்தினா.

பிறகு டிக்கியைத் திறந்தா. அங்க என்ர சின்ன இரும்புப் பெட்டி இருக்கு. நட்டுக் கழட்டுற ரெண்டு சாவி, கொஞ்சக் கம்பி, ஒரு கட்டிச் சவுக்காரம், ஒரு பக்கற் மஞ்சள்தூள்.

"இது என்ன அங்கிள், சமையலோ?"

"இல்லைப் பிள்ளை. ரிப்பேர்."

அவ சிரிச்சா. நான் சிரிக்கேல்லை. அந்தப் பச்சைத் தண்ணியையே பாத்துக்கொண்டு நிண்டன். அதுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு...

எண்பத்தாறோ எண்பத்தேழோ. நான் சூரிச்சில ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில கோப்பை கழுவின காலம். என்னோட வேலை செய்தவர் நடேசண்ணை. அவருக்கு ஒரு தங்கச்சி, மலர். அவவும் இஞ்ச வந்து சேந்திட்டா. மலருக்கு ஊரிலேயே பேசி முடிச்ச மாப்பிள்ளை குலம். அவனும் இஞ்சதான். ஆனா மலை நாட்டில. கிறவுபுண்டன் கன்ரோனில, அதாவது மாகாணத்தில, ஜூலியர் மலையைத் தாண்டி ஒரு சின்னக் கிராமம். அங்க ஒரு ஹொட்டலில அவனுக்கு வேலை.

அந்தக் காலத்தில அகதியை எந்தக் கன்ரோனில போட்டினமோ அங்கதான் இருக்க வேணும். அவ சூரிச். அவன் மலை. ஒரு நாட்டுக்குள்ள ரெண்டு வருஷம் ரெண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவை. சேந்திருக்க ஒரே வழி கலியாணப் பதிவு.

பதிவுக்கு ஊரில இருந்து பிறப்புப் பத்திரம் வரவேணும். அது ஆறு மாசத்துக்கு மேல பழசாகக் கூடாது. ஊரில சண்டை நேரம், அரசாங்கக் கந்தோர் ஒரு நாள் திறந்தா நாலு நாள் பூட்டு. ஆரோ ஒராள் கொழும்புக்குப் போய், ஆரோ ஒராள் பிளேனில கொண்டு வந்து, கைக்குக் கிடைக்கவே நாலு மாசம் போச்சு. பிறகு மொழிபெயர்ப்பு, சீல், கையெழுத்து. கடைசியில நாள் தந்தாங்கள். ஒரு வெள்ளிக்கிழமை, காலமை பதினொரு மணி. அந்தக் கிராமத்தில பதிவுக்காரர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருப்பார். பன்ரண்டுக்குப் பூட்டிப்போடுவார். பத்திரம் ஞாயிறோட காலாவதி.

விளங்குதோ? அந்த வெள்ளியை விட்டா எல்லாம் முதலில இருந்து.

நல்லவேளை, மாசம் தை. நடேசண்ணைக்கு அதில சந்தோசம். மார்கழி எண்டா அவர் பத்திரம் கிழிஞ்சாலும் சம்மதிச்சிருக்கமாட்டார். ஆனா சுவிசில தை எண்டா என்ன? குளிரிலயே பெரிய குளிர். அதைப் பஞ்சாங்கத்தில போடேல்லை.

இன்னொரு சிக்கல். வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்ரண்டு ராகுகாலம். "பதிவு ராகுகாலத்தில நடக்கட்டும். அது கடதாசி. தாலி பன்ரண்டே காலுக்கும் ஒரு மணிக்கும் இடையில" எண்டு நடேசண்ணை முடிவெடுத்தார்.

நான் சொன்னன். "அண்ணை, றெயினில போவம். கூர் நகரம் வரைக்கும் றெயின், பிறகு மஞ்சள் போஸ்ற் பஸ். நேரத்துக்குப் போகும்."

அவர் என்னை ஏற இறங்கப் பாத்தார்.

"பொம்பிளையை பஸ்ஸில கொண்டுபோறதோ தம்பி? ஆக்கள் என்ன கதைப்பினம்?"

எந்த ஆக்கள்? அந்தக் கிராமத்தில தமிழன் எண்டு குலம் ஒராள்தான். ஆனா அவரோட கதைச்சு வெல்லேலாது. அதோட... உண்மையைச் சொல்லுறன். எனக்கும் உள்ளுக்க ஆசை. ஊரில யாழ்ப்பாணம் - கொழும்பு லொறி ஓடினவன் நான். இஞ்ச கோப்பை கழுவிக் கழுவிக் கை வெளிறிப்போச்சு. திரும்ப ஸ்ரியறிங் பிடிக்க ஒரு சாட்டு.

ஒரு விவசாயியிட்ட பழைய ஸ்ரேசன் வாகன் ஒண்டு எடுத்தம். வைக்கோல் மணம். பின் கதவு கயிறு கட்டித்தான் நிக்கும். எஞ்சின் நல்லது. அந்த மனுசன் பொனற்றைத் திறந்து, ரேடியேற்றர் மூடியைத் தட்டித் தட்டி ஏதோ கனநேரம் சொன்னார். அப்ப எனக்கு டொச்சில, அதுதான் ஜேர்மன் பாசையில, தெரிஞ்சது "யா" மட்டும்தான். யா எண்டன்.

ரெண்டு கிழமை அந்தக் காரோட கிடந்தன். வேலை முடிஞ்சு வந்து, நாங்கள் இருந்த வீட்டுக்குக் கீழ இருந்த பேக்கரியின்ர பின் முற்றத்தில, பலகைக்கு மேல படுத்து. பிளக் கழட்டி மினுக்கினன். பிறேக் பாத்தன். ஃபான் பெல்ற் மாத்தினன். சைலன்சர் ஓட்டைக்கு மீன் ரின்னை வெட்டிக் கம்பியால கட்டினன். அப்பிடிச் சந்தோசமா இருந்து எனக்கு ரெண்டு வருஷம்.

கடைசி நாள் ரேடியேற்றர் மூடியைத் திறந்தன்.

உள்ளுக்க பச்சை. குளத்துத் தண்ணி மாதிரிப் பச்சை!

"பாத்தீங்களோ அண்ணை? பாசி பிடிச்சிருக்கு. எத்தினை வருஷமாத் தண்ணி மாத்தேல்லையோ தெரியாது."

நடேசண்ணை எட்டிப் பாத்து சூள் கொட்டினார். "சுவிஸ்காரன் துப்பரவு எண்டு சொல்லுறாங்கள்."

அடியில ஆணியைக் கழட்டி முழுக்க இறக்கினன். மூண்டு தரம் குழாய்த் தண்ணியால அலசினன். நல்ல சுத்தமான தண்ணியால நிரப்பினன். பச்சைத் தண்ணியை எங்க ஊத்தினன் எண்டு இப்ப சொல்லமாட்டன். வாசிக்கிற உங்களில நகரசபையில வேலை செய்யிறவையும் இருக்கினம்.

அதோட விட்டனோ? ரெண்டு பெரிய பிளாஸ்ரிக் கான் நிறையத் தண்ணி டிக்கியில ஏத்தினன். வவுனியா தாண்டினா காடு. தண்ணி இருக்காது. லொறிக்காரன் தண்ணி இல்லாமல் வெளிக்கிடமாட்டான். திரும்பின பக்கமெல்லாம் ஏரி இருக்கிற நாட்டில நான் தண்ணி சுமந்துகொண்டு வெளிக்கிட்டன்.

விடியக் காலமை நாலரைக்குப் பயணம். நாலு ரயருக்கும் நாலு தேசிக்காய். நசிச்சுக்கொண்டு போச்சுது கார். முன்னுக்கு நானும் நடேசண்ணையும். பின்னுக்கு மலர். அவவைச் சுத்திச் சோத்துச் சட்டி, கறிச் சட்டி, வாழையிலைப் பெட்டி, சரக்குத்தூள் பை, வாறவைக்குக் குடுக்க ரெண்டு போத்தில் விஸ்கி.

ஒரு குறையும் இல்லாமல் ஓடிச்சுது. முதல் நாள் ராவு காரை பேக்கரியின்ர போறணைச் சுவரோட விட்டிருந்தன். அந்தச் சூட்டில தண்ணி உறையேல்லை. அதுதான் எங்கட கெட்ட காலம். அங்கயே உறைஞ்சிருந்தா பேசாமல் றெயினில போயிருப்பம்.

எட்டு மணிக்குப் பீவியோ. ஜூலியர் மலைக்கு இஞ்சால கடைசி ஊர். மலர் அங்க கூறைச்சீலை மாத்த வேணும். மாப்பிள்ளை காண முதல் பொம்பிளை உடுத்து வெளிக்கிட்டிருக்க வேணுமெல்லோ. ஒரு சின்ன விடுதி. அந்த வீட்டுக்கார மனுசிக்கு விசயம் விளங்கினதும் அறை தந்தா. ஆறு யார் சீலையின்ர மற்றத் தலைப்பை அவதான் பிடிச்சுக்கொண்டு நிண்டவவாம். மலர் பிறகு சொன்னா.

சீலை, தலை, பூ, நகை. ஒண்டரை மணித்தியாலம்.

நான் அதுக்குள்ள என்ன செய்தன்? ஏத்தம் ஏறி வந்த வண்டி. களைச்சிருக்கும். பொனற்றை உயத்தி, ரேடியேற்றர் மூடியையும் திறந்து, காத்துப்பட விட்டன். ஊரில அப்பிடித்தான். வெளிய இருபது பாகை சீரோவுக்குக் கீழ. காத்து வேற.

இப்ப வாசிக்கிற நீங்கள் தலையில கை வைக்கிறியள். எனக்குத் தெரியும்.

மலர் படியால இறங்கி வந்தா. சிவப்புக் கூறை, அதுக்கு மேல பெரிய கம்பளிக் கோட், கீழ பனிச் சப்பாத்து. நடேசண்ணை மூக்கைத் துடைச்சார். குளிர் எண்டார்.

ஒன்பதரைக்கு வெளிக்கிட்டம். ஐஞ்சு கிலோமீற்றர் போயிருக்கமாட்டம். வெப்ப முள்ளு சிவப்பில போய் நிண்டிட்டுது. பொனற்றுக்குள்ளால ஆவி. நிப்பாட்டினன். இறங்கிப் பாத்தன்.

சுத்திவர வெள்ளை. மரம் கூட இல்லை. அந்தப் பனிக்கு நடுவில கார் கொதிக்குது!

நான் ரேடியேற்றருக்கு அடியில கையை வைச்சன். மேல சுடுது. கீழ கல்லு. தண்ணி உறைஞ்சு அடைச்சுப்போட்டுது. ஓட வழியில்லாமல் எஞ்சின் தனக்குள்ள கொதிக்குது. அடி மூலையில ஒரு வெடிப்பும் இருந்துது.

"தண்ணி ஊத்து தம்பி. ரெண்டு கான் இருக்கெல்லோ."

கானைத் தூக்கினன். ரெண்டும் பாறாங்கல்லு.

அப்பத்தான் கீழ இருந்து அது வந்துது. மஞ்சள் போஸ்ற் பஸ். சரியான நேரத்துக்கு. ஹோர்ண் அடிச்சு எங்களை விலத்திக்கொண்டு போச்சுது. உள்ளுக்க ஆக்கள் சூடா இருந்து எங்களைப் பாத்தினம்.

"அண்ணா, பஸ் போகுது" எண்டா மலர்.

"போகட்டும்" எண்டார் நடேசண்ணை. மற்றப் பக்கம் திரும்பி மலையைப் பாத்தார்.

அடுத்த பஸ் ரெண்டு மணித்தியாலத்தால. அதுக்குள்ள பதிவுக்காரர் பூட்டிப்போடுவார். மலர் மடியில கடதாசிப் பையை வைச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டிருந்தா. எல்லாப் பத்திரமும் அதுக்குள்ள. அவ அழேல்லை. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

பத்து மணியைத் தாண்டி ஒரு லொறி வந்துது. பனி வழிக்கிற லொறி. முன்னுக்குப் பெரிய தகடு. ஓட்டினவன் தாடிக்காரன், ஐம்பது வயதிருக்கும். இறங்கினான். காரைப் பாத்தான். ரேடியேற்றருக்கு அடியில விரலை வைச்சு, நக்கிப் பாத்தான்.

"வாஸர்? நூர் வாஸர்?"

தண்ணியோ, வெறும் தண்ணியோ எண்டு கேக்கிறான். யா எண்டன். உறையாமல் இருக்க ஊத்திற பச்சை மருந்து ஒண்டு இருக்குமே, அது எங்க எண்டு கையைக் காட்டினான். நான் ஊத்திற மாதிரிக் காட்டினன்.

அவன் சிரிக்கேல்லை. அதை நான் மறக்கமாட்டன். தொப்பியைக் கழட்டி, தலையைச் சொறிஞ்சு, திரும்பவும் போட்டான். பிறகு காருக்குள்ள எட்டிப் பாத்தான். கூறை, நகை, பூ. அவனுக்கு மொழி தேவைப்படேல்லை. மலர் பத்திரத்தில இருந்த ஊர்ப்பேரையும் நேரத்தையும் காட்டினா. அவன் மணிக்கூட்டைப் பாத்தான். லொறிக் கதவைத் திறந்து, பக்கத்துச் சீற்றில இருந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பின்னால போட்டான். ஒரு விரலைக் காட்டினான்.

"ஒராள்தான் ஏறலாமாம் அண்ணை."

"அப்ப நான் போறன்" எண்டார் நடேசண்ணை. "போய் பதிவுக்காரரிட்ட நிலைமையைச் சொல்லுறன்."

மலர் காரால இறங்கினா.

"அண்ணா, கலியாணம் உங்களுக்கோ எனக்கோ?"

நான் பொனற்றுக்குள்ள தலையை விட்டுக்கொண்டன்.

"பிள்ளை, ஆரெண்டு தெரியாதவன். லொறி. ஆக்கள் கண்டா..."

"ஆர் அண்ணா? இந்தப் பனியோ?"

தாலி அவரின்ர உள் பொக்கற்றில. கையை வைச்சுப் பாத்தார். "தாலி என்னட்ட இருக்கட்டும். நான் வராமல் கட்டேலாது."

"ஒரு மணிக்கு முதல் வாங்கோ. காத்திருப்பம்."

அவ ஒரு கையில பத்திரப்பை, மற்றக் கையில கூறையின்ர கொய்யகத்து மடிப்பு. அந்த உயரமான படியில சப்பாத்துக் காலோட ஏறினா. தாடிக்காரன் கதவைச் சாத்தினான். வெளிக்கிட முதல் கண்ணாடியை இறக்கி எனக்கு ஒண்டு சொன்னான். திரும்ப உறையாமல் இருக்க ஷ்னாப்ஸ், அதுதான் சாராயம், ஊத்து எண்டு. போத்திலையும் ரேடியேற்றரையும் கையால காட்டினான். பிறகு தகட்டை உயத்திப்போட்டு லொறியை எடுத்தான்.

நடேசண்ணை பின்னால ஓடினார். "பிள்ளை! கண்ணாடியை இறக்கி வை! பூட்டாதை!"

இருபது பாகை குளிரில. லொறி வளைவில மறைஞ்சுது.

அவர் அந்த வளைவையே பாத்துக்கொண்டு நிண்டார்.

"தம்பி, ஆள் நல்லவனோ?"

"பனி வழிக்கிறவன் அண்ணை."

"அது எனக்குத் தெரியும்."

பிறகு வேலையைத் தொடங்கினம். வாழையிலைப் பெட்டியைக் கிழிச்சு ரேடியேற்றருக்கு முன்னால மட்டையாக் கட்டினன், காத்துப் படாமல். பொனற்றுக்கு மேல கம்பளி. பிளாஸ்கில இருந்த தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா அடியில விட்டன். எஞ்சினை ரெண்டு நிமிசம் ஓட விட்டு, நிப்பாட்டி, திரும்ப ஓட விட்டு... முக்கால் மணித்தியாலம். கல்லு இளகிச்சுது. இளகினதும் வெடிப்பால ஒழுகத் தொடங்கிச்சுது. நூல் மாதிரி.

"அண்ணை, மஞ்சள்தூள் எங்க?"

"என்னத்துக்கு?"

"தாங்கோ."

ஊர் லொறிக்காரனுக்கு இது தெரியும். ரேடியேற்றர் ஒழுகினா மஞ்சள்தூள். தண்ணியோட ஓடி வெடிப்பில போய் அப்பும். சவுக்காரம் பெற்றோல் ராங்க் ஒழுக்குக்கு, மஞ்சள் ரேடியேற்றருக்கு. பக்கற் முழுக்கக் கொட்டினன். நூல் துளியாச்சு. துளி நிண்டு நிண்டு விழுந்துது.

"இனி விஸ்கி."

அவர் போத்திலை எடுத்தார். ஒருக்கா மூடியை மணந்தார். "வாறவைக்குக் குடுக்க வைச்சிருந்தது..."

"ஆர் வருவினம் அண்ணை?"

ரெண்டு போத்திலும் போச்சுது.

மணி பன்ரண்டு அஞ்சு. ஜூலியர் உச்சியைத் தாண்டினம். ஹீற்றரைப் போட்டா காருக்குள்ள கறி மணம், அதுக்கு மேல சாராய மணம். பொலிஸ் மறிச்சிருந்தா என்னத்தைச் சொல்லியிருப்பம்? நாங்கள் குடிக்கேல்லை, கார்தான் குடிச்சது எண்டோ? நடேசண்ணை ஒரு கையால நெஞ்சுப் பொக்கற்றைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு வந்தார். இறக்கத்தில நான் அமத்தினன். லொறி ஓட்டின கை. அண்டைக்குத்தான் அது திரும்ப வந்துது.

பன்ரண்டு நாப்பதுக்குப் போய்ச் சேந்தம்.

கிராமசபை வாசலில நிண்டினம். குலம், கடன் வாங்கின கோட்டோட. மலர். ஹொட்டல் முதலாளி. அந்தத் தாடிக்காரன், கையில ஒரு சின்னக் கிளாஸ் வெள்ளை வைன். பதிவு முடிஞ்சுது. சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமாம். நானும் நடேசண்ணையும் போட வேண்டிய கையெழுத்து. ஒண்டு முதலாளி போட்டார். மற்றது பனி லொறிக்காரன்.

நடேசண்ணை தங்கச்சியிட்டப் போகேல்லை. நேர தாடிக்காரனிட்டப் போனார். அவனின்ர ரெண்டு கையையும் பிடிச்சார். ஏதோ சொல்ல வெளிக்கிட்டார். டொச்சும் வரேல்லை, தமிழும் வரேல்லை. அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

தாலி ஹொட்டல் சாப்பாட்டு அறையில ஏறிச்சுது. மேளம் இல்லை. அம்மா அப்பா இல்லை. முதலாளியின்ர பிள்ளையள் கறண்டியால மேசையில தட்டிச்சினம். ஒரு மணிக்கு நாலு நிமிசம் இருந்துது.

வெளிய வந்து காரைப் பாத்தன். அது நிண்ட இடத்தில, பனியில, மஞ்சள் புள்ளி புள்ளியா விழுந்திருந்துது. நடேசண்ணையும் வந்து பக்கத்தில நிண்டார்.

"தம்பி, மஞ்சள் சிந்தியிருக்கு. நல்லது" எண்டார்.

ராகுகாலக் கதையை அவர் பிறகு ஒரு நாளும் எடுக்கேல்லை.

இப்ப நடேசண்ணை இல்லை. அந்தக் காரும் எப்பவோ இரும்புக்குப் போச்சுது. மலரும் குலமும் அதே மலையிலதான். பேரப்பிள்ளையள் பனியில சறுக்குதுகள். சாகுமட்டும் நடேசண்ணை தங்கச்சியைப் பாக்கப் போனது போஸ்ற் பஸ்ஸில. றைவருக்குப் பின்னால முதல் சீற்றில. அந்த வளைவு வந்ததும் எழும்பி நிண்டு பாப்பாராம்.

இவ்வளவையும் அந்தக் கராஜ் பிள்ளைக்கு நான் சொல்லேல்லை. பாதிதான் சொன்னன். அவ மஞ்சள் பக்கற்றைத் திருப்பிப் பாத்தா.

"அங்கிள், இதின்ர திகதி முடிஞ்சு கன வருஷம்."

"சாப்பிடுறதுக்கில்லைப் பிள்ளை."

"இனிமேல் ஏதும் குறைஞ்சா எனக்குப் போன் பண்ணுங்கோ. நீங்கள் ஒண்டும் ஊத்தக் கூடாது. சரியோ?"

ஓம் எண்டன். வரேக்க தமிழ்க் கடையில நிப்பாட்டிப் புது மஞ்சள் ஒண்டு வாங்கி வைச்சன்.